மேற்குச் சரிவில் ஏன் துரு? வேதாரண்யம் பக்கம் ஒரு தீவனக் கிடங்கின் ஷீட் கூரை: நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேதாரண்யம் வட்டாரத்தில், கடற்கரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே ஓர் இறால் தீவனக் கிடங்கு இருக்கிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே உப்பளங்கள், சுற்றிலும் வனாமி இறால் பண்ணைகள். உரிமையாளர் பண்ணையும் நடத்துகிறார், தீவன வியாபாரமும் செய்கிறார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அவருடைய பழைய கிடங்கின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை நொறுங்கிப் போனது. அதற்கடுத்த சில மாதங்கள் அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரை போட்டார்கள். கிடைத்த ஷீட்டை, கிடைத்த ஆளை வைத்துப் போட்ட காலம் அது. இந்தக் கிடங்கும் 2019 கோடையில் அப்படித்தான் எழுந்தது.

நீளம் 80 அடி, அகலம் 40 அடி. முகடு வடக்கு தெற்காக ஓடுவதால் ஒரு சரிவு கிழக்கே கடலைப் பார்க்கிறது, மற்றது மேற்கே வயலைப் பார்க்கிறது. இரும்புக் குழாய் டிரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்), அதன் மேல் ரெட் ஆக்சைடு அடித்த சி பர்லின் (ஷீட்டை ஸ்க்ரூவால் பிடிக்கும் குறுக்கு இரும்பு), அதற்கு மேல் நீலக் கலர் ஷீட். முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை இணைப்பே இல்லாமல் 22 அடிக்கு ஒரே ஷீட். இது நல்ல வேலை. முகட்டில் காற்றுக்குச் சுழலும் டர்போ வென்டிலேட்டர் மூன்று. தெற்கு முனையில் கிடங்கைவிட உயரமான மாடி அலுவலகம் ஒட்டி நிற்கிறது. ஷீட் அதன் சுவரில் போய் முடிகிறது. மேற்குத் தாழ்வாரத்தில் மழைநீரை வாங்கும் தகரக் கட்டர், அதற்கு அப்பால் சவுக்குத் தோப்பு.

ஷீட் வாங்கிய பில்லை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்தார். அதில் ‘0.50 எம்.எம். கலர் ஷீட்’ என்று மட்டும் இருந்தது. அந்த 0.50 பூச்சையும் பெயின்ட்டையும் சேர்த்த கனமா, உள்ளிருக்கும் எஃகின் கனமா, துத்தநாகப் பூச்சா அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சா, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், எதுவும் இல்லை. கடலோரத்தில் கூரையின் ஆயுளைத் தீர்மானிக்கிற விவரம் அத்தனையும் பில்லில் விடுபட்டிருந்தது. இது அந்தக் கடையின் பழக்கம் மட்டும் இல்லை. வாங்குகிறவரும் கனத்தையும் நிறத்தையும் தாண்டிக் கேட்பதில்லை.

முதல் சொட்டும் கை வைத்தியமும்

2021 வடகிழக்குப் பருவமழையில் மேற்குப் பக்கம் இரண்டு மூன்று இடத்தில் சொட்டியது. உள்ளூர் ஆள் ஒருவர் ஏறி, சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே தார் ஷீட் ஒட்டினார். ஸ்க்ரூ தலைகளில் சிலிக்கானைப் பிதுக்கி வைத்தார். அடுத்த மழைக்குச் சொட்டு நான்கடி தள்ளி விழுந்தது. அங்கேயும் ஒட்டினார். ஒரு வென்டிலேட்டர் வழியாகச் சாரல் வருகிறது என்று மூன்றையுமே சாக்குப் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

2023 மழைக்காலத்தில் விஷயம் கைமீறியது. தீவன மூட்டைகள் அடுக்கடுக்காக நனைந்தன. இறால் தீவனம் ஈரம் பட்டால் கட்டி தட்டும், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைக் குளத்தில் போட எந்தப் பண்ணைக்காரரும் துணிய மாட்டார். நட்டம் மூட்டைக் கணக்கில் ஏறியது. ஷீட் போடும் ஒப்பந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் கழற்றிப் புதிதாகப் போடச் சொல்லி மதிப்பீடு கொடுத்தார். அந்தக் கட்டத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் கடலோரத் தொழிற்கூடங்களின் கூரைகளைப் பழுதுபார்க்கும் சிறிய குழு.

உரிமையாளர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: “சார், போடணும்னா போட்டுடறேன். ஆனா அஞ்சு வருஷத்துல இது போச்சுன்னா, புதுசு மட்டும் எப்படி நிக்கும்?”

உள்ளிருந்து பார்த்தது

2024 பிப்ரவரியில் ஆய்வு. மழை முடிந்து ஷீட் காய்ந்திருந்தது. கறையின் விளிம்புகள் தெளிவாகத் தெரிய இதுதான் நல்ல நேரம்.

காவலாளியான பெரியவர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் சொட்டுகிறதாம். அதனால் ஷீட் முழுக்க ஓட்டையாகிவிட்டது என்று முடிவுக்கு வந்திருந்தார்கள். விடிவதற்கு முன்னால் உள்ளே போய்ப் பார்த்தோம். ஷீட்டின் அடிப்பக்கம் பூராவும் பொடிப்பொடியாக நீர் முத்துகள். ஸ்க்ரூவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கிழக்கு, மேற்கு இரண்டு சரிவிலும் ஒரே மாதிரி இருந்தன. அந்தப் பக்கத்துச் சொல்லில், ஷீட் வேர்த்திருந்தது. இரவில் தகடு வானத்துக்கு வெப்பத்தை விட்டு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. உள்ளே அடைபட்ட ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது. அந்தக் காற்று வெளியேற இருந்த ஒரே வழியான வென்டிலேட்டர்களைத்தான் சாக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஆக நனைந்த மூட்டைகளில் ஒரு பங்குக்குக் கூரை ஓட்டை காரணமே இல்லை.

மீதிக்கு உண்மையான கசிவுதான் காரணம். பர்லின்களின் பக்கவாட்டில் துருநீர் வழிந்த கோடுகள் இருந்தன. ஸ்க்ரூ வழியே இறங்கும் நீர் பர்லினில் ஏறி, சரிவுக்குக் குறுக்கே சில அடி ஓடி, எங்கே பர்லின் லேசாகத் தாழ்ந்திருக்கிறதோ அங்கே சொட்டும். முன்பு தார் ஷீட் ஒட்டியவர் சொட்டு விழும் இடத்தின் நேர் மேலே தேடியதால்தான் அது நகர்ந்துகொண்டே இருந்தது. கோடுகளை மேல்நோக்கித் தொடர்ந்து, ஒவ்வொரு ஊற்றுக்கும் சாக்பீஸால் எண் போட்டு வைத்தோம்.

மேலே ஏறிப் பார்த்தது

கடலைப் பார்க்கும் கிழக்குச் சரிவு மோசமாக இருக்கும், மேற்குச் சரிவு தேவலாம் என்று நினைத்தே ஏறினோம். நிலவரம் நேர் எதிராக இருந்தது.

கிழக்கில் பெயின்ட் வெளிறியிருந்தது, அவ்வளவுதான். ஸ்க்ரூ தலைகளில் லேசான பழுப்பு. ஸ்க்ரூ தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்கள் சிலவற்றில் வெடிப்பு. தாழ்வார நீட்டலின் அடிப்பக்கத்தில் கை வைத்தால் உப்பு ஒட்டியது. மழை போய்க் கழுவாத இடம் என்பதால் இது எதிர்பார்த்ததே.

மேற்கில் ஸ்க்ரூ தலைகள் பல துருப்பிடித்து உப்பியிருந்தன. சில தலைகளைக் கட்டைவிரலால் தள்ளினாலே கழன்றன. வாஷருக்கு அடியில், ஷீட் துளையைச் சுற்றி பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பி, குத்தினால் வெள்ளைப் பொடியும் செம்பொடியும் கலந்து வந்தது. தார் ஷீட்டை உரித்தபோது அடியில் இன்னும் ஈரம். ஒட்டிய ஓரங்கள் விட்டு நீர் உள்ளே போயிருக்கிறது, திரும்பி வர வழியில்லை. அந்த இடங்களில்தான் தகடு ஊசி நுழையும் அளவுக்குப் போயிருந்தது. சிலிக்கான் வைத்த இடங்களும் அப்படியே. பூசும்போது வினிகர் வாடை அடிக்கும் மலிவான சிலிக்கான் அது. காயும்போது அமிலம் விடும், துத்தநாகப் பூச்சுக்கு ஆகாது.

தென்மேற்குக் காற்று காலத்தில் உப்பளப் பக்கத்திலிருந்து உப்பு வந்து படிகிறதோ என்று முதலில் யோசித்தோம். ஆனால் சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொருவர் கொட்டகையும் அதே 2019இல் போட்டதுதான், அதற்கும் ஒரு சரிவு மேற்கே பார்க்கிறது. அங்கே இப்படி ஒன்றும் இல்லை. அப்புறம்தான் துருவின் வடிவம் கண்ணில் பட்டது. அது சீராகப் பரவவில்லை. இரண்டடிக்கு ஒரு பட்டையாக, மேலிருந்து கீழே இறங்கியது. எல்லாப் பட்டைகளும் ஒரே உயரத்தில் தொடங்கின: முகட்டுக்கு ஒன்றரை அடி கீழே, ஒரு பி.வி.சி. குழாய் ஓடிய இடத்தில். குழாய்க்கு மேலே, முகட்டை ஒட்டிய ஸ்க்ரூ வரிசை கிழக்குச் சரிவைப் போலவே நன்றாக இருந்தது.

குழாயின் கதை

2020 கோடையில் கிடங்குக்குள் வெக்கை தாங்கவில்லை என்று மேற்குச் சரிவில் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மாலை வெயில் விழும் சரிவு அது. குழாயில் இரண்டடிக்கு ஒரு துளை. மார்ச் முதல் ஜூன் வரை, மதியம் ஒரு மணி சுமாருக்கு மோட்டாரைப் போடுவது பெரியவரின் வேலை. கூரையின் தூசியையும் இது கழுவிவிடுகிறது, பராமரிப்பும் ஆகிறது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒருநாளும் தவறாமல் செய்திருக்கிறார் பெரியவர்.

தண்ணீர் வளாகத்திலேயே இருக்கும் போரிலிருந்து, அதாவது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, வருகிறது. பண்ணையில் உப்பளவு பார்க்கும் கருவி எப்போதும் கையிலேயே இருக்கும். பண்ணை டெக்னீஷியன் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். 6 பி.பி.டி. அதாவது லிட்டருக்கு 6 கிராம் உப்பு. கடல்நீரில் 35 கிராம். இந்திய குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, வேறு நீர் கிடைக்காத இடத்தில்கூட லிட்டருக்கு 2 கிராம் கரைந்த உப்புகளுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. “எங்களுக்கு இது நல்ல தண்ணி சார், இறாலுக்கே பத்தாத உப்பு” என்றார் உரிமையாளர். நாள்பூரா 15, 20 பி.பி.டி. பார்க்கிறவருக்கு 6 நல்ல தண்ணீராகத் தெரிவதில் வியப்பில்லை.

கூரைக்கு அது விஷம். ஆயிரம் லிட்டர் தெளித்தால் 6 கிலோ உப்பு மேலே ஏறுகிறது. பெரும்பகுதி வழிந்து போகும், ஆனால் சூடான தகட்டில் ஆவியாகும் பங்கு உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். எங்கே தங்கும்? வாஷரின் மேல்விளிம்பில், ஷீட் மேல் ஷீட் ஏறும் ஓவர்லாப்பில், தாழ்வார வெட்டுமுனையில். அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வரை மழை குறைவு. கடல்காற்று தரும் உப்பைக் கிழக்குச் சரிவிலிருந்து வடகிழக்கு மழை வருடா வருடம் நன்றாகக் கழுவிவிடுகிறது. மேற்கில் அந்த மழை வருவதற்குள் நான்கு மாதம் உப்பு படிந்து, இரவுப் பனியில் நனைந்து, தன் வேலையைச் செய்துவிடுகிறது.

இரண்டாவது பாதிப்பு அசைவால் வந்தது. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். 22 அடி ஷீட் வெயிலில் 65 டிகிரியில் கிடக்கும்போது தண்ணீர் பட்டு 35க்கு இறங்கினால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் சுருங்கும். சாதாரணமாக இது மாலையில் மெல்ல நடக்கும். இங்கே நட்டநடு மதியத்தில், சில நிமிடங்களில் நடந்தது. தாழ்வார வரிசையில் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

மூன்றாவதாக, குழாயைப் பிடித்த கிளாம்புகள். அவற்றை ஷீட்டின் மேட்டில் அடிக்காமல், தண்ணீர் ஓடும் பள்ளத்தில், வாஷரே இல்லாத ஸ்க்ரூவால் அடித்திருந்தார்கள். ஓட்டை போட்டு அதன் மேல் தினமும் தண்ணீர் விட்டதற்குச் சமம்.

ஸ்க்ரூ முதலில் போனது ஏன்

உரிமையாளரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. காற்றின் அரிக்கும் தன்மையை ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை சி1 முதல் சி5 வரை பிரிக்கிறது, அதற்கும் மேலே சி.எக்ஸ். என்று ஒரு வகை. கடலை ஒட்டிய இந்த மாதிரி இடத்தை சி5 என்று வைத்துக் கணக்குப் போட்டோம். சி5இல் துத்தநாகம் முதல் வருடத்தில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேயும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கடைகளில் கிடைக்கும், தானே துளைத்து இறங்கும் சாதாரண செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவில் இருக்கும் துத்தநாக மின்முலாம் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான்தான். இரண்டு மூன்று வருடத்தில் அது வெறும் இரும்பாகிவிடும். உப்புத்தண்ணீர் விட்டால் அதுகூடத் தாங்காது.

ஷீட்டின் கதை வேறு. சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினியம் - துத்தநாகப் பூச்சு என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான். அதுவும் தனித் துத்தநாகத்தைவிட மெதுவாகத் தேயும். மேலே பெயின்ட் வேறு. எனவே நல்ல ஷீட்டை மட்டமான ஸ்க்ரூவில் மாட்டினால், கூரையின் வயது ஸ்க்ரூவின் வயதுதான். புதிய ஷீட் போட்டு, அதே ஸ்க்ரூவை அடித்து, அதே குழாயை மறுபடி ஓட்டியிருந்தால் இதே இடத்துக்கு மறுபடி வந்து நின்றிருப்பார்கள்.

சின்னச் சின்னவை

அலுவலக ஏ.சி.யின் வடிநீர்க் குழாய் ஷீட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஏ.சி.யின் செம்புச் சுருளில் பட்டு வரும் நீரில் செம்பின் சாயல் இருக்கும். அது அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் குழி குழியாக அரிக்கும். அந்தக் கோட்டில் பெயின்ட் போய் வெள்ளைப் புள்ளிகள். மாடிச் சுவர் பூசியபோது விழுந்த சிமென்ட் கலவையைத் துடைக்காமல் விட்டிருந்தார்கள், அதன் அடியிலும் பூச்சு போயிருந்தது. வென்டிலேட்டர் துளையைக் கிரைண்டரால் வெட்டியதில் பறந்த பொறிகள் ஷீட்டில் ஒட்டி, ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளி. கட்டருக்குள் சவுக்கு ஊசி இலைகள் மக்கி, விரல்கடை கனத்துக்குப் பாய் மாதிரி படிந்திருந்தன. கட்டர் நிரம்பி வழியும்போது நீர் பின்வாங்கி ஷீட் முனைக்கு அடியில் ஏறியிருக்கிறது.

தண்ணீர் சோதனை

சந்தேகப்பட்ட ஊற்றுகளை உறுதிசெய்ய டேங்கர் நல்ல தண்ணீர் வரவழைத்து ஹோஸ் பிடித்தோம். தாழ்வாரத்திலிருந்து தொடங்கி, ஒரு ஸ்க்ரூ வரிசை, அப்புறம் அடுத்த வரிசை என்று மேலேறுவதுதான் முறை; மேலிருந்து விட்டால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து எதையும் காட்டாது. ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம். உள்ளே டார்ச்சோடு ஓர் ஆள். மேற்குச் சரிவில் சாக்பீஸ் போட்ட ஊற்றுகளில் பெரும்பாலானவை ஸ்க்ரூ துளைகள், கிளாம்பு துளைகள் என்று உறுதியானது. தெற்குச் சுவர் இணைப்பில் அன்று சொட்டவில்லை. சந்தேகப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. மொத்த ஷீட்டையும் மாற்றுவது ஒன்று. கிழக்குச் சரிவின் ஷீட்டில் குறை இல்லாதபோது அதைக் கழற்றுவது வீண் என்று தள்ளினோம். மேலே முழுக்க வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிப்பது இரண்டாவது. உரிமையாளருக்கு இதில்தான் ஆசை, செலவும் குறைவு. ஆனால் உப்பு படிந்த, ஸ்க்ரூ தளர்ந்த தகட்டின் மேல் எதை அடித்தாலும் அது துளையின் அசைவில் முதல் கோடையிலேயே கீறும், கீறலுக்குள் நீர் தங்கும். தார் ஷீட் செய்ததையே பெரிய அளவில் செய்வதாக முடியும்.

மூன்றாவதைத் தேர்ந்தோம். மேற்கில் தகடு போய்விட்ட ஏழு ஷீட்டுகளை மட்டும் மாற்றுவது, இரண்டு சரிவிலும் எல்லா ஸ்க்ரூவையும் மாற்றுவது, குழாயை அகற்றுவது, காற்றுப் போக வழி செய்வது. செலவு முழு மாற்று மதிப்பீட்டில் பாதியைத் தொடவில்லை. புதிய ஷீட்டுக்கு ஆர்டர் போடும்போது பூச்சின் வகை, எடை, எஃகின் கனம் மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொன்னோம். கடைக்காரர் முதலில் சலித்துக்கொண்டார், பிறகு கொடுத்தார்.

வேலை நடந்த விதம்

மார்ச் மாதம். காலை ஆறு மணி முதல் பத்து மணி வரைதான் மேலே வேலை. அதற்கு மேல் தகட்டில் கால் வைக்க முடியாது. பர்லின் ஓடும் கோட்டில், ஸ்க்ரூ வரிசையின் மேல் மட்டும் நடப்பது, தாழ்வார நீட்டலில் ஏறுவதே இல்லை, இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் மேலே போவதில்லை. இதில் மேஸ்திரி கறாராக இருந்தார்.

முதலில் கழுவுதல். டேங்கர் தண்ணீர், மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு. மழை படாத தாழ்வார அடிப்பக்கத்தையும் சேர்த்து. கழுவி வடிந்த நீரை டெக்னீஷியன் தன் கருவியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கருவி உப்பு காட்டுவது நிற்கும் வரை கழுவினோம்.

ஸ்க்ரூ மாற்றுவதில்தான் நேரம் போனது. பழையது 5.5 மில்லிமீட்டர். அதே அளவைத் தேய்ந்த துளையில் போட்டால் பிடிக்காது, 6.3 மில்லிமீட்டருக்குப் போனோம். மின்முலாம் போட்டதை ஒதுக்கி, கடலோரத்துக்கென்று கனமான பூச்சோடு வருவதை, இ.பி.டி.எம். என்ற, வெயில் தாங்கும் ரப்பர் வாஷருடன் வாங்கினோம். இளம் பையன் ஒருவன் இம்பாக்ட் டிரைவரை எடுத்துக்கொண்டு வேகமாக முடுக்க ஆரம்பித்தான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு வாஷரைக் காட்டினார்: தலைக்கு வெளியே ரப்பர் பிதுங்கி, விளிம்பு கிழிந்திருந்தது. “ரப்பர் தலை ஓரத்துல லேசா எட்டிப் பாக்கணும்டா தம்பி, வெளிய வந்து நிக்கக் கூடாது. இந்தா, கிளட்ச் உள்ளத எடு.” இறுக்கம் அதிகமானால் ஷீட்டின் மேடு அமுங்கிக் குழியாகி, ஸ்க்ரூவைச் சுற்றி நீர் நிற்கும். குறைந்தால் ரப்பர் அடைக்காது. கிளட்ச் உள்ள ஸ்க்ரூ கன்னில் அளவை வைத்துவிட்டால் கையின் அசதி வேலையில் தெரியாது.

பழைய ஸ்க்ரூவைக் கழற்றியபோது சில, பர்லினில் இறங்காமல் அதன் ஓரத்தை உரசிக்கொண்டு வெறுமனே தொங்கியிருந்தது தெரிந்தது. அந்தத் துளைகளையும் தள்ளி வந்த மற்றத் துளைகளையும் சிறு தகட்டுத் துண்டு வைத்து, அடியில் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டையை ஒட்டி, ரிவெட் அடித்து மூடினோம். சிலிக்கான் தேவைப்பட்ட இடங்களில் அமிலம் விடாத நியூட்ரல் வகை மட்டும்.

கிளாம்பு துளைகளுக்கு மேஸ்திரி சொன்ன யோசனை எனக்குப் பிடித்தது. ஒவ்வொன்றையும் ஒட்டுப் போடுவதை விட்டு, முகட்டுத் தகட்டையே அகலமாக்கினார். நான்கடி அகலத் தகடு, பக்கத்துக்கு இரண்டடி. குழாய் ஓடிய கோடு முழுக்க அதன் அடியில் போய்விட்டது.

பர்லின்களின் மேல்முகத்தில், ஷீட் உட்காரும் இடத்தில் துரு இருந்தது. ஏழு ஷீட் கழற்றிய இடத்தில் மட்டும்தான் கை எட்டியது. அங்கே கம்பி பிரஷ் போட்டு, துத்தநாகம் மிகுந்த பிரைமர், மேலே எப்பாக்சி. தேய்ந்துபோன இரண்டு பர்லின்களுக்குப் பக்கத்திலேயே புதிது சேர்த்தோம். ஏ.சி. வடிநீரைச் சுவரோடு கீழே இறக்கினோம். கட்டருக்கு மேல் வலை. வென்டிலேட்டர்களிலிருந்து சாக்கை அவிழ்த்து, சாரல் வந்த அந்த ஒன்றின் அடித்தகட்டை மாற்றினோம். புதிய ஷீட் வெட்ட வேண்டிய இடங்களில் கிரைண்டர் கிடையாது, தகடு வெட்டும் கத்திரிதான். ஒவ்வொரு நாளும் இறங்கும்போது துளை போட்ட இரும்புத் தூளைக் கூட்டி அள்ளினோம்.

மழைக்காலத்தில் நடந்தது

2024 நவம்பர் கடைசி வாரத்தில், பின்னால் ஃபெங்கல் புயலான தாழ்வு மண்டலம் டெல்டா கடலோரத்தில் கனமழையைக் கொட்டியது. மேற்குச் சரிவில் எங்கும் சொட்டவில்லை. விடியற்காலை வேர்வையும் பெருமளவு குறைந்துவிட்டதாகப் பெரியவர் சொன்னார், முற்றிலும் நிற்கவில்லை.

ஆனால் தெற்குச் சுவரோரம் ஒழுகியது. அதுவும் நன்றாகவே. சோதனையன்று அங்கே சொட்டாததற்குக் காரணம் இப்போது புரிந்தது: ஹோஸ் நீர் மேலிருந்து நேராக விழுந்தது, காற்றோடு வரும் மழை சுவரில் அறைந்து, சுவரோடு வழிந்து வருகிறது. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே இருந்த ஃப்ளாஷிங் தகட்டைப் பூச்சின் மேல் வெறுமனே ஒட்டி வைத்திருந்தார்கள். ஓரம் விட்டுப்போய், சுவரில் வழிந்த நீர் தகட்டுக்குப் பின்னால் இறங்கியது. 2025 ஜனவரியில் சுவரில் காடி வெட்டி, தகட்டின் மேல்விளிம்பை அதற்குள் மடித்துச் செருகி அடைத்தோம். சிமென்ட் தூள் விழாமலிருக்க வேலைக்கு முன் ஷீட்டின் மேல் தார்ப்பாய் விரித்தோம்.

வெக்கை மட்டும் தீரவில்லை. குழாயை எடுத்துவிட்டோம், அதற்கு மாற்று எதுவும் கொடுக்கவில்லை. 2025 ஏப்ரலில் பார்க்கப் போனபோது மேற்குச் சரிவில் ஒரு ஹோஸ் சுருண்டு கிடந்தது. மூட்டை தூக்கும் ஆட்கள் மதியத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளே நின்று பார்த்தால் தெரியும். அதன் பிறகே மூட்டை இறக்கும் பகுதியில் ஷீட்டுக்குக் கீழே வெப்பம் தடுக்கும் பபிள் ஃபாயில் கட்டினார்கள், மேற்குச் சரிவுக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். இதையெல்லாம் 2024 மார்ச் வேலையோடு சேர்த்தே செய்திருந்தால் செலவும் குறைந்திருக்கும், ஹோஸும் ஏறியிருக்காது.

அடுத்த முறை மாற வேண்டியவை

சுவர் இணைப்புச் சோதனையில் இனி ஹோஸை ஷீட்டில் பிடிப்பதோடு நிறுத்தாமல், சுவரில், ஃப்ளாஷிங்குக்கு இரண்டடி மேலே, பக்கவாட்டில் அடித்துப் பார்க்க வேண்டும். ஆய்வின் முதல் மணிநேரத்தில் கேட்கும் கேள்விகளில், இந்தக் கூரையில் தண்ணீர் விடுகிறீர்களா, எந்தத் தண்ணீர் என்பது இருக்க வேண்டும். கடலோரத்தில் போர் வைத்திருக்கும் எல்லா வளாகத்துக்கும் இது பொருந்தும்.

கிடங்கில் இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. செப்டம்பர் கடைசியில், மழை தொடங்கும் முன், கட்டர் சுத்தம், ஸ்க்ரூ பார்வை. கோடை நடுவில் ஒருமுறை டேங்கர் தண்ணீரில் கழுவல். இதில் தாழ்வார அடிப்பக்கத்தை மறக்கக் கூடாது, மழை வந்து கழுவும் என்று நம்ப முடியாத இடம் அதுதான். சவுக்கு ஊசிக்கு வலை போதவில்லை. நுண்ணியவை உள்ளே போய்விடுகின்றன, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கையால் அள்ள வேண்டியிருக்கிறது.

நாங்கள் கழற்றாத ஷீட்டுகளுக்கு அடியில் பர்லின் மேல்முகத்தின் நிலை இன்னும் முழுதாகத் தெரியாது. ஸ்க்ரூ பிடித்த விதத்தை வைத்துத் திடமாக இருப்பதாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஆய்வில் மேற்குச் சரிவில் மூன்று இடங்களில் ஷீட்டைத் தளர்த்தித் தூக்கிப் பார்ப்பதாக உரிமையாளரிடம் பேசி வைத்திருக்கிறோம்.